கூடுதல் கார்டு

"பாக்ஸ் வாங்கியாச்சுங்க. அப்புறம் எதுக்கு இன்னொரு கார்டு?"

புதுச்சத்திரம் பக்கம் இண்டர்காம் வேலைக்குப் போன இடத்திலெல்லாம் முதலில் வந்த கேள்வி இதுதான். கேட்டவர்கள் தீவனத்துக்கும் டீசலுக்கும் பைசா சுத்தமாகக் கணக்கு வைத்திருந்தவர்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. பதிலை வாயால் சொல்லிப் புரிய வைக்க முடியாது. பெட்டியைத் திறந்துதான் காட்ட வேண்டும். ஸ்குரூவைக் கழற்றி மூடியை எடுத்தால் உள்ளே மெயின் போர்டு, அதன் மேல் காலியாக நிற்கும் கனெக்டர்கள். "இது ஒவ்வொண்ணும் ஒரு காரியத்துக்குங்க. உங்களுக்கு எது வேணும்னு நீங்கதான் சொல்லோணும்" என்பேன்.

அப்போது அதிகம் விற்றது மூன்று வெளி லைனும் எட்டு எக்ஸ்டென்ஷனும் கொண்ட சின்னப் பெட்டி. கார்டு சேர்க்கச் சேர்க்க 8 லைன், 24 எக்ஸ்டென்ஷன் வரை அது வளரும். அழைப்பவர் நம்பரைக் காட்டும் காலர் ஐடி கார்டு, பதிவு செய்த குரலில் பேசும் கார்டு, கேட்டில் மாட்டும் போனுக்கு ஒரு கார்டு, கரண்ட் போனால் பேட்டரிக்கு மாறும் கேபிள் என்று மற்றதெல்லாம் தனி விலை. கம்பெனிக் காகிதத்தில் இவற்றுக்கு நேராக ஆப்ஷனல் என்று போட்டிருக்கும்.

பெட்டி எல்லா ஊருக்கும் ஒரே பெட்டிதான். சேலத்து ஜவுளிக்கடையில் மாட்டியதையேதான் பாச்சல் பக்கத்துக் காலேஜிலும் களங்காணிப் பக்கத்துக் கோழிப்பண்ணையிலும் மாட்டினேன். ஓர் ஆபீஸை இன்னோர் ஆபீஸிலிருந்து பிரித்துக் காட்டியது உள்ளே ஏறிய கார்டுதான். இன்றைக்கும் ஒரு பழைய பெட்டியைத் திறந்து பார்த்தால், அந்த ஆபீஸ் எந்தக் காலத்தில் எதற்குப் பயந்தது, எதில் அதற்குப் பணம் ஒழுகியது என்று என்னால் சொல்லிவிட முடியும்.

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் ரோட்டில் ஆண்டகளூர் கேட் தாண்டிப் போனால் புதுச்சத்திரம். காசியிலிருந்து கன்னியாகுமரி வரை போன ஏழாம் நம்பர் நேஷனல் ஹைவே அது. பிறகு நம்பர் மாறி 44 ஆயிற்று. கிழக்கே கொல்லிமலை. 1997 ஜனவரி 1 முதல் நாமக்கல் தனி மாவட்டம். அதற்கு முன் எல்லாமே சேலம்தான். ரோட்டின் இரண்டு பக்கமும் நீளநீளமான கோழி ஷெட்டுகள், தீவன மில், மரவள்ளிக் காடு, லாரி ஆபீஸ். மானாவாரி நிலத்தை நம்பிப் பிழைக்க முடியாது என்று தெரிந்த ஒரு தலைமுறை கோழிக்கும் லாரிக்கும் மாறிய இடம் இது. இரண்டு தொழிலுமே தூரத்தை நம்பியவை. முட்டை கேரளாவுக்குப் போகும், லாரி அஸ்ஸாம் வரை போகும். போன் இல்லாமல் இரண்டையும் நடத்த முடியாது.

1984-ல் தொடங்கிய சி-டாட் நிறுவனம் கிராமங்களுக்கென்றே 128 லைன் எக்ஸ்சேஞ்சை வடிவமைத்தது. ஏ.சி. அறை இல்லாமல் வெயிலிலும் தூசியிலும் ஓடக்கூடிய எக்ஸ்சேஞ்ச் அது. அந்த வகை எக்ஸ்சேஞ்சுகள் நாடெங்கும் பரவிய பிறகுதான் சின்ன ஊர்களில் ஒரே ஆபீஸுக்கு இரண்டு லைன், மூன்று லைன் என்று கேட்டு வாங்க முடிந்தது. இரண்டு லைன் வந்ததும் முதலாளி மேசையில் இரண்டு போன், கணக்கர் மேசையில் ஒன்று, "ஏனுங்க, உங்களுக்குப் போன்" என்று ஷெட்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவே ஓடும் ஒரு பையன். இண்டர்காம் பெட்டிக்குத் தேவை உண்டானது அங்கேதான்.

எஸ்.டி.டி. விலை அதிகமாக இருந்த வருஷங்களில் எல்லோரும் முதலில் கேட்டது யார் எங்கே பேசினார்கள் என்று காட்டும் ஏற்பாட்டை. பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சீரியல் போர்ட் இருக்கும். அதில் ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை இணைத்தால் தேதி, நேரம், எக்ஸ்டென்ஷன் நம்பர், டயல் செய்த நம்பர், பேசிய நேரம் என்று ஒரு காலுக்கு ஒரு வரி அடித்துக்கொண்டே போகும். தூரத்துக்கு ஒரு ரேட், பகலுக்கு ஒரு ரேட், இரவில் அரைக் கட்டணம், இன்னும் நேரம் போனால் கால் கட்டணம் என்று இருந்த காலம் அது. பில் வந்த அன்று ஆபீஸில் யாரும் யார் முகத்தையும் பார்க்க மாட்டார்கள்.

ஒரு லாரி ஆபீஸில் அந்தப் பிரிண்டரைப் போட்டுக் கொடுத்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, பெரியவர் ஆள் அனுப்பினார். போனால், ஹாலில் கிளார்க் பையன் கண் கலங்க நிற்கிறான். பெரியவர் கையில் அந்தத் தொடர் காகிதம்.

"கொச்சிக்கு இத்தனை கால் போட்டிருக்கான் தம்பி. ஒண்ணுலயும் யாரும் எடுக்கலைங்கறான். பேப்பர் பொய் சொல்லுமா?"

பேப்பர் பொய் சொல்லவில்லை; அதற்குத் தெரிந்ததை மட்டும் சொன்னது. எதிர்முனையில் போனை எடுத்த நொடியில் எக்ஸ்சேஞ்ச் அந்த லைனின் ப்ளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிப் போடும். ரிவர்சல் என்பார்கள். அது வந்தால் பெட்டிக்கு 'எடுத்துவிட்டார்கள்' என்று தெரியும். அந்த நொடியிலிருந்து நேரம் எண்ணும். ஆனால் ரிவர்சல் எல்லா லைனுக்கும் வராது. வராத லைனில், நம்பர் போட்டு முடித்த சில நொடிகளில் பெட்டி தானாகவே எண்ண ஆரம்பித்துவிடும். மணி அடித்துக்கொண்டே இருந்தாலும் அதன் கணக்கில் அது பேச்சுதான்.

இதை விளக்கிச் சொன்னால் வாதம் ஆகிவிடும். அதனால் சேலத்தில் என் கடை நம்பரை அதே எக்ஸ்டென்ஷனிலிருந்து டயல் செய்து ரிசீவரைப் பெரியவரிடம் கொடுத்தேன். அன்று கடை பூட்டியிருந்தது. மணி அடித்தது, அடித்தது, அவர் காதில் வைத்தபடியே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வைத்ததும் பிரிண்டரின் தலை ஓடி ஒரு வரி அடித்தது. ஒரு நிமிஷத்துக்கு மேல் பேசியதாக அதில் இருந்தது. பெரியவர் காகிதத்தைக் கிழித்து வாசித்தார், இன்னொரு தடவையும் வாசித்தார். "கண்ணு, இங்க வா" என்று அந்தப் பையனைக் கூப்பிட்டார். "இனிமே இந்தப் பேப்பரை நீயே வெச்சுக்க. பேசினது எது, பேசாதது எதுன்னு நீயே டிக் பண்ணிக் கொடு."

பிறகு எழுதிக் கொடுத்துக் கேட்டு அந்த லைனுக்கு ரிவர்சல் வாங்கினோம். அன்றிலிருந்து எந்த ஆபீஸில் கால் கணக்குக் கேட்டாலும் முதலில் மீட்டரை வைத்து லைனில் ரிவர்சல் வருகிறதா என்று பார்ப்பேன். வராவிட்டால் பிரிண்டரை இணைக்க மாட்டேன். ஒருவருடைய நாணயத்தைப் பற்றிப் பேசப்போகிற கருவி முதலில் நாணயமாக எண்ணத் தெரிந்ததாக இருக்க வேண்டும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

2006 மார்ச் 1-ம் தேதி பி.எஸ்.என்.எல். ஒன் இந்தியா திட்டத்தைக் கொண்டுவந்தது. அந்தத் திட்டத்தில் நாட்டுக்குள் எங்கே பேசினாலும் நிமிஷத்துக்கு ஒரு ரூபாய். அதோடு பிரிண்டர் கேட்பது நின்றது. எஸ்.டி.டி. பூட்டுப் போடச் சொன்னவர்களே பூட்டை எடுக்கச் சொன்னார்கள்.

அதே 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்தது. இந்தியாவில் உறுதியான முதல் தொற்று அது. நம் பண்ணைகளுக்கு நோய் வரவில்லை. பயம் வந்தது. வண்டிகள் எங்கிருந்து வருகின்றன, டயரில் என்ன ஒட்டியிருக்கிறது என்று அதுவரை யாரும் அவ்வளவாகக் கேட்டதில்லை. இப்போது கேட்டை மூடினார்கள்; மருந்துத் தண்ணீரில் டயரை நனைத்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். இந்தக் கேட்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவே பேச்சு நடக்க வேண்டுமே. அந்த வருஷம் புதுச்சத்திரம் பக்கம் நான் அதிகம் மாட்டியது கேட் போன் கார்டு.

கார்டு ஏற்றுவது பெரிய வித்தையில்லை, ஆனால் பதறக் கூடாது. பெட்டியை ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எர்த் கம்பியை ஒரு தடவை தொட வேண்டும். காற்று காய்ந்திருக்கும் மாசி, பங்குனியில் உடம்பில் ஏறியிருக்கும் மின்னேற்றமே ஒரு சிப்பைச் சாகடித்துவிடும். கார்டை ஓரத்தில் மட்டும் பிடித்து, கனெக்டரின் பின்கள் நேராக இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பார்த்து, இரண்டு கட்டை விரலாலும் சமமாக அழுத்த வேண்டும். உட்கார்ந்ததும் ஒரு சின்ன 'க்ளிக்' கேட்கும். அதைக் கேட்காமல் மூடியைப் போடக் கூடாது. ரிசப்ஷனில் இருக்கும் டிஸ்பிளே வைத்த போனிலிருந்துதான் புரோகிராம். எந்தப் போனில் மணி அடிக்க வேண்டும், பகலில் யாருக்கு, ராத்திரியில் யாருக்கு என்று ஒவ்வொன்றாகப் போட வேண்டும்.

கம்பெனிப் புத்தகத்தில் கேட் போனை நிற்கிற ஆளின் வாய் உயரத்துக்கு மாட்டச் சொல்லியிருக்கும். ஒரு பண்ணையில் அப்படியே சுவரில் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் ஐயா பக்கத்தில் வந்து நின்றார். வயதானவர், அதற்கு முன் லாரியில் கிளீனராக இருந்தவர்.

"தம்பி, லாரிக்காரன் எறங்காமப் பேசோணும். எறங்குனாத்தானே செருப்புல ஒட்டியாந்துருது?"

எனக்கு அது அதுவரை தோன்றவில்லை. அந்தக் கார்டில் இரண்டு கேட் போனுக்கு இடம் இருந்தது. ஒன்றை லாரி கேபின் ஜன்னல் உயரத்துக்கு ஓர் இரும்புக் குழாயின் மேல் நட்டோம். இன்னொன்று டூவீலரில் வருகிறவர்களுக்காகக் கீழே. மேலே இருப்பதற்கு மழைநீர் போகாதபடி தகரத்தில் ஒரு கூரை அடித்தோம். உயரத்தை முடிவு செய்ய வாட்ச்மேன் ஐயாவே தீவன லாரி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி, டிரைவரைக் கையை நீட்டச் சொன்னார். பிறகு போன இடங்களிலெல்லாம் நான் அப்படித்தான் மாட்டினேன். எந்தப் பொறியாளரும் எழுதாத ஒரு வரியை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்.

கேட் பூட்டைத் திறக்கும் வேலையில் இன்னொரு விஷயம் உண்டு. கார்டில் இருக்கும் ரிலே மிகச் சின்னது. 'திற' என்று சொல்ல மட்டும்தான் அதற்குத் தெம்பு. பூட்டுக்கு வேண்டிய கரண்டை அது தாங்காது. பூட்டுக்குத் தனியாக ஒரு 12 வோல்ட் சப்ளை, நடுவில் கொஞ்சம் பெரிய ரிலே ஒன்று வைத்தே தீர வேண்டும். கேபிளையும் இரும்புக் குழாயில்தான் கொண்டுபோக வேண்டும். தீவனம் இருக்கிற இடத்தில் எலி இருக்கும், எலிக்கு பி.வி.சி. குழாய் ஒரு பொருட்டே இல்லை.

குரல் கார்டு வேறு கதை. அழைத்தால் தானாக எடுத்து 'இதற்கு ஒன்று, அதற்கு இரண்டு' என்று சொல்லும் வசதி அது. ஒரு முட்டை ஆபீஸில் அதைப் போடச் சொன்னார்கள். காலையில் விலை தெரிந்ததும் கேரளாவிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஒரே நேரத்தில் அழைப்பு குவியும். ரிசப்ஷனில் இருந்த அக்காவால் ஒருத்தியாகச் சமாளிக்க முடியாது. நான் டூல் பெட்டியைத் திறந்தபோது அவர் மெதுவாகக் கேட்டார்: "இது வந்துட்டா என்னைய நிறுத்திருவாங்களா தம்பி?"

அவருக்கு நான் சமாதானம் சொல்லவில்லை. கணக்காகவே பதில் சொன்னேன். அந்தக் கார்டுக்கு டோன் சத்தம் மட்டும்தான் புரியும். பழைய சுழற்றும் போனிலோ, பல்ஸ் முறையில் வைத்திருக்கும் பூத் போனிலோ ஒன்றை அழுத்தினால் அதற்கு ஒன்றும் கேட்காது. வழியில் எங்கோ ஒரு பூத்தில் நின்று பேசுகிற டிரைவருக்கு, பொறுமை இல்லாத வியாபாரிக்கு, வயதானவர்களுக்கு ஒரு மனுஷக் குரல் வேண்டும். எதுவும் அழுத்தாமல் சில நொடி இருந்தால் அழைப்பு அக்காவின் போனுக்குப் போகிற மாதிரி அமைத்தேன். முதலாளி அதை எடுத்துவிடலாமா என்று கேட்டார். கூடாது என்று அழுத்திச் சொன்னேன். பதிவுக் குரல் முதல் நெரிசலைத்தான் பிரித்து அனுப்பும்; மீதியை ஆள்தான் பார்க்க வேண்டும்.

குரலும் அக்காவுடையதே. ஆபீஸில் பதிவு செய்ய முடியவில்லை. ஹைவேயில் போகும் லாரிகளின் ஹாரன் ஒவ்வொரு தடவையும் உள்ளே வந்தது. அதோடு வெறும் சுவர்களில் பட்டு குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் ஒலித்தது. கடைசியில் முட்டை ட்ரே அடுக்கும் அறைக்குப் போனோம். காகிதக்கூழ் ட்ரே சுவர் முழுக்க மேல்வரை அடுக்கியிருந்தது. ட்ரே வெளிச் சத்தத்தைத் தடுக்காது என்பதையும் சொல்ல வேண்டும். அறைக்குள் குரல் எதிரொலிப்பதைத்தான் குறைக்கும். சத்தத்துக்கு வழி, விடியற்காலையில் வருவதுதான். போக்குவரத்து குறைந்திருந்த நேரத்தில், ஒரு நீள வயரில் போனை அங்கே இழுத்துவைத்து அவர் பேசினார்.

"வணக்கமுங்க. முட்டை லோடுக்கு ஒண்ணு அழுத்துங்க. தீவனத்துக்கு ரெண்டு. கணக்குக்கு மூணு. ஒண்ணும் அழுத்தாட்டிப் பரவால்லீங்க, லைன்லயே இருங்க, நாங்க எடுக்கறோம்."

கம்பெனி மாதிரிக் குறிப்பில் இருந்தது மரத்துப் போன வாசகம். கடைசி வரியை அவரே சேர்த்தார். அழைக்கிறவர்கள் அந்த வரியைக் கேட்டு, ஒன்றும் அழுத்தாமல் லைனில் இருந்தார்கள் என்று பிறகு முதலாளி சொன்னார். அக்கா அந்த வேலையில் தொடர்ந்தார். ரிசப்ஷனோடு லோடு எழுதும் பொறுப்பும் அவரிடம் வந்தது.

2012-ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. சென்னையைத் தாண்டி வந்தால் ஒரு நாளில் கரண்ட் இருக்கும் நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகம் என்றாகிவிட்டது. கரண்ட் போனால் பெட்டி ஒரு காரியத்தை மட்டும் தானாகச் செய்யும்: முதல் வெளி லைனை முதல் எக்ஸ்டென்ஷனோடு நேராக இணைத்துவிடும். லைனுக்கு வேண்டிய 48 வோல்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்து வருவதால் அந்த ஒரு போன் பேசும். மற்றதெல்லாம் செத்துவிடும், கேட் போன் உள்பட. யு.பி.எஸ்.ஸும் சார்ஜ் ஏற நேரமில்லாமல் இறங்கிவிடும்.

அப்போதுதான் அந்தப் பேட்டரி கேபிளை எல்லோரும் தேடினார்கள். பெட்டி கேட்டது 24 வோல்ட், அதாவது இரண்டு 12 வோல்ட் பேட்டரி வரிசையில். நாமக்கல் பக்கத்தில் இதைப் படம் வரைந்து விளக்க வேண்டியதில்லை. லாரியிலும் அதே ஏற்பாடுதான். பட்டறையிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து, லக் அடித்து, மடமடவென்று இணைத்துவிட்டார். ஆனால் லாரி பேட்டரியைப் பெட்டி இருக்கும் அறையிலேயே வைக்க நான் விடவில்லை. அதிலிருந்து கிளம்பும் ஆசிட் ஆவி போர்டின் மெல்லிய காலையெல்லாம் அரித்துவிடும். சார்ஜ் ஏறும்போது வரும் வாயு பூட்டிய அறையில் ஆபத்தும்கூட. வராந்தாவில், காற்றோட்டமான மரப் பெட்டியில் வைக்கச் சொன்னேன். ஒயரைத் தடிமனாகப் போட்டு நடுவில் ஒரு ஃப்யூஸ். வசதி இருந்தவர்கள் மூடிய பேட்டரி வாங்கினார்கள், அதுவே நல்லது.

எல்லாக் கார்டுக்கும் முன்னால் நான் கேட்டது எர்த் குழி. சித்திரை, வைகாசியில் கொல்லிமலைப் பக்கத்திலிருந்து இருட்டிக்கொண்டு வரும் கோடை மழை கொஞ்ச நேரம்தான் பெய்யும். ஆனால் இடி எங்கோ விழுந்தாலும் திறந்த வெளியில் நீளமாக ஓடும் போன் ஒயர் அதை ஆபீஸுக்குள் அழைத்து வந்துவிடும். லைன் நுழையும் இடத்தில் அரெஸ்டர் வைக்கலாம்; அது வாங்கிய மின்சாரத்தைக் கொட்ட மண்ணில் வழி இருந்தால்தான் பயன். நம் பக்கத்து நிலம் கொஞ்சம் தோண்டினாலே காய்ந்த சுக்கான். கரியும் உப்பும் போட்டு நிரப்பினாலும் கோடையில் ஈரம் போய்விடும், ஈரம் போனால் எர்த் போய்விடும். தண்ணீர்க் குழாய் ஒழுகும் இடத்துக்குப் பக்கத்தில் குழி தோண்டச் சொல்வேன். குழி தோண்டாத இடத்தில் கார்டு மாட்ட மாட்டேன் என்று நான் திரும்பி வந்ததும் உண்டு. அந்த வருமானம் போனதில் எனக்கு வருத்தம் இல்லை.

2003-ல் செல்போனுக்கு வரும் அழைப்பு இலவசமானதுமே இந்தத் தொழில் எந்தப் பக்கம் போகும் என்பது தெரிந்துவிட்டது. சிம் போடுகிற கார்டும் வந்தது; செல் அழைப்பை அதன் வழியாக அனுப்பினால் காசு மிச்சம் என்று சில வருஷம் அதையும் மாட்டினோம். இப்போது விலை, லோடு, வண்டி நம்பர் எல்லாம் வாட்ஸ்ஆப்பில் போகிறது. காலர் ஐடி கார்டும் பிரிண்டரும் யாருக்கும் தேவையில்லை. ஆனால் கேட் போன் தேவைப்படுகிறது. உள்ளே விடலாமா வேண்டாமா என்று கேட்கிறவரின் குரல் கேட்டிலிருந்தே வர வேண்டும். வாட்ச்மேன் மாறினாலும் செல் நம்பர் மாறினாலும் சுவரில் இருக்கும் பொத்தான் அங்கேயே இருக்கிறது.

அதனால் மூடிய ஆபீஸ்களின் பெட்டிகளை நான் எடைக்குப் போட விடுவதில்லை. கார்டுகளைக் கழற்றி, பின்களைச் சுத்தம் செய்து, எந்தப் பெட்டிக்குச் சேரும் என்று சீட்டு ஒட்டி வைக்கிறேன். புதிதாக இப்போது கிடைப்பது கடினம். போன வாரம்கூடத் திருமலைப்பட்டிப் பக்கத்துப் பண்ணை ஒன்றிலிருந்து அழைத்தார்கள்: "கேட்ல பட்டனை அமுத்துனா மணி அடிக்குதுங்க, பேச்சுதான் கேக்கலை." கார்டாக இருக்காது, மேலே இருக்கும் போனின் மைக்கில் தூசி அடைத்திருக்கும். இருந்தாலும் அலமாரியிலிருந்து ஒரு கார்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டுதான் கிளம்பினேன். மைக்தான். சுத்தம் செய்ததும் பேசியது.